அரை நிமிஷம்

அலுவலகச் சர்வரில் ஒரு கோப்பை அழித்தாலும், மற்றவர்களின் கணினியில் அதன் பழைய நகல் சற்று நேரம் தங்கியிருக்கும். "அழிச்சுட்டேன், இன்னும் தெரியுதே!" என்று யார் பதறி ஃபோன் செய்தாலும், சர்வரைக் கவனிக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "கை வைக்காதீங்க. அரை நிமிஷம் பொறுங்க, தானாப் போயிடும்." கணவன் வீட்டில் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பான்.

அன்று காலையிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. அப்பாடா என்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. கதவு திறந்திருந்தது. மகள் அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"அப்பா, அம்மா இன்னும் தெரியுறாங்கப்பா!"

கணவன் மகளை எட்டிப் பிடித்து நிறுத்தினான். சிவந்த கண்களால் இமைக்காமல் வாசலில் நின்றவளையே பார்த்தான்.

"கை வைக்காத கண்ணு. அரை நிமிஷம் பொறு."