நடு ஆணி

"பெத்த அப்பன் படத்தையே கழட்டிட்டா அண்ணே! தலைவி ஆகி முழுசா ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள தலை கனத்துப்போச்சு."

காப்பிக் கடை பாக் சொய் சொன்னதைக் கேட்டதும் வூன் ஃபாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஊர்ச் சீனர் சங்கத் தேர்தலில் சூக் மூயிடம் தோற்றவர் அவர். அதுவும் ஒரு பெண்ணிடம் தோற்றது இன்னும் ஆறவில்லை. நாளை மறுநாள் சங்கக் கட்டடத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. இப்படி ஒரு வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது.

"எந்தப் படம்? நடுவுல இருக்கற பெரிய படமா?"

"அதேதான். கட்டடத்துக்கு நிலம் குடுத்த மகராசன் தொங் சின் ஹின்! இவ அப்பா! சொத்துல பங்கு குறைஞ்சுதோ என்னவோ."

"எங்கப்பா சுரங்க முதலாளியா இருந்த காலத்துலயே தொங் ஐயான்னா எழுந்து நிப்பாராம்" என்றார் வூன் ஃபா. "வா, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்."

காப்பி ஆறிப்போனது. இருவரும் கிளம்பினார்கள். வழியில் இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சங்க மண்டபத்தில் ஏணி சாத்தியிருந்தது. சுவரின் நடுவில், படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கழற்றிய படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் சூக் மூய். அறுபது வயதிலும் கை சுறுசுறுப்பு.

"என்னம்மா இது அநியாயம்?" வூன் ஃபா குரலை உயர்த்தினார். "உங்கப்பா குடுத்த நிலத்துல நின்னுக்கிட்டு, அவர் படத்தையே எடுப்பியா?"

"எடுத்துத் தூரப் போடலண்ணே. பழைய தலைவர்கள் வரிசையில மாட்டப்போறேன். நடு இடம் நிலம் குடுத்தவங்களுக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நிலம் குடுத்தது எங்கப்பா இல்லண்ணே."



சூக் மூய் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு படத்தை எடுத்து நிமிர்த்தினாள். ஒரு பெண். முழங்கால்வரை சேற்றுத் தண்ணீர். அகலமான ஓலைத் தொப்பி. கையில் வட்டமான மரத்தட்டு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, ஆத்துல மண்ணலசி ஈயம் பொறுக்கறவ!" என்று சிரித்தார் பாக் சொய். "இவ படமா நடுவுல? வர்ற விருந்தாளிங்க சிரிக்க மாட்டாங்க? சொல்லுங்கண்ணே!"

வூன் ஃபா பின்னால் நகர்ந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சூக் மூய் நிதானமாகச் சொன்னாள். "இவங்க புருஷன் சுரங்கத்துல கூலி. மண் சரிஞ்சு செத்துப்போனார். பொணத்தை எடுத்து அடக்கம் பண்ணினது நம்ம சங்கம். கைக்குழந்தையோட நின்னவங்களுக்கு சோறு போட்டதும் சங்கம்தான். அப்புறம் இவங்க வருஷக்கணக்கா தண்ணியில நின்னு சம்பாதிச்சு இந்த இடத்தை வாங்கினாங்க. ஜப்பான்காரன் சண்டை முடிஞ்சு சங்கத்துக்குக் கட்டடம் கட்ட இடமில்லன்னு தெரிஞ்சதும் எங்கப்பாகிட்ட வந்து, 'என் புருஷனைப் புதைக்க நீங்க இடம் குடுத்தீங்க, நீங்க உட்கார நான் இடம் தரேன்'னு சொன்னாங்களாம்."

"அப்போ வாசல் கல்வெட்டுல உங்கப்பா பேரு?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"அப்பல்லாம் பொம்பளைய உறுப்பினராவே சேத்துக்க மாட்டாங்களே. பொம்பளை குடுத்த இடத்துல உட்கார்றதான்னு பெரியவங்க முறைச்சுக்கிட்டாங்க. அதனால எங்கப்பா பேருக்கு மாத்தி எழுதினாங்க. அவரும் வாய மூடிக்கிட்டார். கண்ணை மூடறதுக்கு முன்னாடிதான் அழுதுக்கிட்டே எங்கிட்ட சொன்னார்."

பாக் சொய் தலையைச் சொறிந்தார். "இதை அந்த அம்மாவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க யார்கிட்டயும் சொல்லல. மகன் ஈப்போ பட்டணத்துல தங்கிப் படிச்சுக்கிட்டிருந்தான். திரும்பி வந்து நிலம் எங்கன்னு கேட்டப்போ, 'போயிடுச்சுப்பா'ன்னாங்களாம். ஏமாந்து தொலைச்சிட்டாங்கன்னு அவன் கடைசிவரைக்கும் திட்டினானாம். பேசாம கேட்டுக்கிட்டாங்களாம்."

"அடப் பாவி! அந்த மகன் யாரு? இருக்கானா? பேரைச் சொல்லு, விழாவுக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேப்போம்!" என்று கொதித்தார் பாக் சொய்.

"இருக்கார்" என்றாள் சூக் மூய். படத்துக் கண்ணாடியைத் துடைத்தவள் தலை நிமிரவில்லை. யாரையும் பார்க்கவில்லை. "பேரு எதுக்கு? ஊருக்குத் தெரிய வேண்டாம்னு அவர் நினைச்சா அப்படியே இருக்கட்டும். என் வேலை அந்த அம்மாவை இங்க கொண்டுவந்து உட்கார வைக்கறதுதான்."

"இப்படியும் ஒருத்தன்! பெத்தவளைச் சொல்லிக்க வெட்கமா அவனுக்கு? நீங்களே சொல்லுங்கண்ணே."

வூன் ஃபா செருப்பைக் கழற்றினார். சூக் மூயிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டிப் படத்தை வாங்கினார். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாக் சொய், ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார் மெதுவாக. "எங்கம்மா படத்தை நானே மாட்டறேன்."