நேராப் புடி

குமிழ் மறுபடியும் அவன் பக்கம் ஓடிவந்து நின்றது.

சட்டத்தின் மேல் வைத்த ரசமட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தான். அசையவில்லை.

அவள் பக்கம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

“நேராப் புடி புள்ள.”

மொட்டை மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரோடு கட்டி நிறுத்திய இரண்டு மேசைக்கால்கள். நடுவே ஒரு குறுக்குச் சட்டம். ஒரு முனை அவன் கையில். மறுமுனையை அவள் இடது கையால் பிடித்திருந்தாள். வலது கையில் ஸ்க்ரூ டப்பா. மேசைக்காலில் பென்சில் கோடு போட்டுக் கொடுத்திருந்தான். கோட்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

மேசையே அவளுக்குத்தான். தரையில் உட்கார்ந்து தொட்டிக்கு மண் கலந்தால் எழுந்திருக்க முட்டி விடுவதில்லை. நின்றபடியே செம்மண்ணையும் தேங்காய் நார்த்தூளையும் கலக்க, கத்தரி நாற்றைத் தொட்டி மாற்ற, இடுப்பு உயரத்துக்கு ஒரு மர மேசை.

கடையில் விற்கிற இரும்பு மேசை போதும் என்றுதான் சொன்னாள்.

முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் வீட்டுக்குக் கடை மேசையா?

காலையிலிருந்து வாய்க்கு வாய் நடந்தது. பின்தெருப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் மணி அடித்தபோதுகூடச் சொன்னாள்.

“பூமியே சாஞ்சாப்லதான் சுத்துதாமா. உங்க மேசை நேரா நின்னு என்னுங்க ஆகப்போகுது?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது.

இப்போது சட்டம் திரும்பவும் சரிந்தது. கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே.

“கையில சத்தில்லையா? காலைல சோறு தின்னியா இல்லியா?”



ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவன் பேசப் பேச அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேலை தெரிந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்.

ஆனால் குமிழ் நடுவுக்கு வரவில்லை.

தப்பு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது அவன் வழக்கம். மில்லில் எந்த மெஷின் நின்றாலும் அப்படித்தான்.

டேப்பை எடுத்து மேசைக்காலின் அடியிலிருந்து கோடு வரை அளந்தான். இரண்டு காலிலும் ஒரே அளவு.

தளத்தில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் உண்டு. அதற்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்து மேசைக்காலை முன்பே சரிசெய்திருந்தான்.

ரசமட்டத்தைத் திருப்பி வைத்தான். அப்போதும் குமிழ் அவன் பக்கம்தான் வந்தது. அது பொய் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது பிடிக்கிற கை ஒன்றுதான்.

“நீ விடு சாமி. உன்னைக் கூப்புட்டதே தப்பு.”

அவள் முனையைத் தானே வாங்கினான். அடியில் செங்கல்லை அடுக்கினான். மேலே ஓர் ஓட்டுத்துண்டைச் செருகினான். கோட்டுக்குச் சரியாக வந்தது.

குமிழ் நடுவில் போய் நின்றது. இம்மி பிசகவில்லை.

“பாரு. உன்னயவிடச் செங்கல்லு தேவல.”

இதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

ஒன்றும் வரவில்லை.

குனிந்த கண்ணில் அவள் கால்கள் பட்டன. வலது காலில் செருப்பு இருந்தது. இடது செருப்பு கழன்று ஓரடி தள்ளிக் கிடந்தது.

வெறுங்கால் சுடுதளத்தில் இருந்தது. செருப்பில்லாமல் மாடியில் ஓர் அடி வைக்கமாட்டாள். சுடுது சுடுது என்று குதிப்பாள்.

கால் அப்படியே இருந்தது.

அவன் நிமிர்ந்தான்.

சுவரில் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றிருந்தாள். ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. மறுபக்கம் தொங்கிப்போயிருந்தது. ஓரத்தில் எச்சில் வழிந்தது. இடது கை, அவன் சட்டத்தை வாங்கியபோது விழுந்தபடியே துவண்டு தொங்கியது.

கண்கள் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரமாக?

“மயிலா!”

பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை.  அவளைத் தாங்கிப் பிடித்தான். இவ்வளவு கனமாகவா இருப்பாள்? ஸ்க்ரூ டப்பா விழுந்து தளமெல்லாம் சிதறியது.

ஆம்புலன்ஸ் வந்தது. நாற்காலியில் வைத்து மாடிப்படி இறக்கினார்கள். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தான். அவன் கையில் ரசமட்டம் இருந்தது. எப்போது எடுத்தான் என்று நினைவில்லை.

வண்டியில் வந்த பெண் மயிலாத்தாள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இடது கையைத் தூக்கிவிட்டாள். அது தொப்பென்று விழுந்தது.

“பக்கவாதமாட்டத் தெரியுதுங்க. கடைசியா எப்பங்க நல்லாப் பேசினாங்க? கரெக்டாச் சொல்லோணும். அந்த நேரத்த வெச்சுத்தான் டாக்டர் ஊசி போடலாமா வேண்டாமான்னு பாப்பாரு.”

“ஒம்பதரை. பள்ளிக்கூடத்துல பிரேயர் மணி அடிச்சப்போ.”

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். டிரைவர் பக்கத்துத் தடுப்பைத் தட்டினாள்.

“நேரம் இருக்குதுண்ணா. வேகமாப் போங்க.”

பிறகு பேனாவோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒம்பதரைன்னே எழுதிடட்டுங்களா? நிச்சயமாத் தெரியுங்களா?”

“தெரியும் கண்ணு.”

மயிலாத்தாளின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“அதுக்கப்பறம் நான் மட்டுந்தான் பேசிட்டிருந்தேன்.”