கூரை ஓட்டில் ஒரு முகவரி

தென்கொரியாவின் கியோங்ஜு நகரில், மலையடிவாரக் கோயிலின் காகித விளக்குகளை ஊடுருவி, மே மாத வெயில் சிவப்பும் மஞ்சளுமாக முற்றத்தில் இறங்குகிறது. புத்தர் மண்டபத்தின் கூரையை மாற்றுகிறார்கள். இறக்கி வைத்திருக்கும் பழைய ஓடுகளின் உட்புறத்தில், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓடு காணிக்கை தந்து யார் யாரோ எழுதிய பெயர்கள் இன்னும் வெள்ளையாகத் தெரிகின்றன. புது ஓடு ஒன்றை மடியில் தாங்கியபடி, தூரிகையை வெள்ளை மையில் தோய்க்கிறாள் ஹேவோன். பக்கத்தில் கியூதே, விளக்குகளை எண்ணுபவன்போல அண்ணாந்து நிற்கிறான். "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று அவன் கேட்டுப் பத்து நாளாகிறது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது தன் பெயரை எழுதுகிறாள், அதன் கீழே அவன் பெயரையும். அவனுடைய காதுமடல்கள் சிவக்கின்றன.

காணிக்கை ஓடுகள் அடுக்கிய மேசைக்குப் பின்னாலிருந்து கோயில் தொண்டு செய்யும் அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

"ஏம்மா, ஒரு ஓட்டுக்கு ஒரு குடும்பம்தான். கீழே முகவரி எழுதணும்ல? ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"இல்லீங்க, நான் வேற ஓடு எடுத்துக்கறேன்" என்று கியூதே பதறுகிறான்.

"உன்னை யாருப்பா கேட்டா? பொண்ணு சொல்லட்டும்!"

வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கூரை முனையில் தொங்கும் சிறு மணி கிணுகிணுக்கிறது. ஹேவோன் மறுபடி தூரிகையைத் தோய்க்கிறாள். நுனியில் ஒரு வெள்ளைச் சொட்டு நடுங்குகிறது. அவன் குடியிருக்கும் தெருவின் பெயரை நிதானமாக எழுதிவிட்டு நிமிர்கிறாள்.

"உங்க வீட்டு நம்பர் என்ன? சீக்கிரம் சொல்லுங்க, மை காயுது."

கியூதே வாயைத் திறக்கிறான். நாலு வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் எண் அவனுக்கு நினைவுக்கு வரவே இல்லை.