லோட்டியின் குரல்

"தம்பி எதுல ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டார் சிவஞானம். கண்டியிலிருந்து கம்பளைக்குப் பெண் பார்க்க வந்திருந்த கஜேந்திரன், கதிரையின் நுனியில் உட்கார்ந்தபடி பதில் சொன்னான்.

"லோட்டி ஹேம்ஸ்னு ஒரு அமெரிக்க நடிகை, மாமா. நூறு வருசத்துக்கு முந்தி நாப்பது மட்டமான படத்துல நடிச்சவங்க. முப்பது படத்துல இடைவேளைக்கு முன்னாடியே முதலை தின்னுரும்."

"அட, நம்ம லோட்டி! என்ன குரல்! தேன்ல ஊறவச்ச மாதிரி!"

கஜேந்திரன் ஒரு நொடி தயங்கினான். "ஆமா மாமா. அப்படியொரு குரல்."

மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறியதும் சிவஞானம் குதித்தார். "இந்தச் சம்பந்தம் வேணாம். பையன் சுத்தப் புளுகன்! அந்தக் காலத்துப் படத்துக்குச் சத்தமே கிடையாது. வேணும்னுதான் குரலைப் பத்தி எடுத்து விட்டேன். மண்டையை மண்டையை ஆட்டுறான்!"

"ஆறு பேரை இப்படித்தான் விரட்டினீங்க" என்றாள் மனைவி.

"முப்பது வருசம் கடையில தராசு பிடிச்சவன்டி நான். ஆளை எடைபோடத் தெரியாதா எனக்கு?"

மகள் தர்ஷிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை நீட்டினாள். வேனில் போய்க்கொண்டே கஜேந்திரன் அனுப்பியிருந்தான்:

"உங்க அப்பா பாவம். பேசாத படத்து நடிகைக்குக் குரல் தேனாம்! எல்லார் முன்னாடியும் அவருக்கு அசிங்கமாயிரும்னு நானும் ஆமாம் போட்டுட்டேன். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிராதீங்க."