இருக்கிறதே தெரியாது

தன் றிவோல்வர் துப்பாக்கியைப் பற்றி யாராவது விசாரித்தால் டெக்சாஸ் ஜூலியஸுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கலியாண வீட்டுக்கென்று ரொறன்ரோவுக்கு வந்த இடத்தில், நிரோஷினி ஆர்வமாகக் கேட்டாள்.

“கடையில எத்தனையோ இருக்க, ஏன் அங்கிள் உந்தத் துவக்கைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?”

“பாரமே இல்லைப் பிள்ளை! சின்னச் சாமான். சேட்டுக்குள்ள செருகினா ஒருத்தருக்கும் தெரியாது.”

“நாள் முழுக்க வச்சிருந்தா இடுப்பு நோகாதோ?”

“நோகிறதோ? சில நாள் அதோடயே படுத்திடுவன். இருக்கிறதே எனக்குத் தெரியாது!”

பக்கத்தில் மனைவி றோஸ்மேரி நெற்றியில் கை வைத்தார்.

“அருமை!” நிரோஷினியின் முகம் மலர்ந்தது. “நாளைக்குக் கோட்டில ஜட்ஜிட்டையும் இதை அப்படியே சொல்லுங்கோ. கனடா போடரில ‘துவக்கு இருக்கோ’ எண்டு கேட்டதுக்கு நீங்கள் ‘இல்லை’ எண்டது பொய்யில்லை, மறதி எண்டு அப்பத்தான் உங்கட லோயரா நான் வாதாடலாம். இல்லாட்டி உங்களை மறியலில போட்டிடுவாங்கள், அங்கிள்.”

ஜூலியஸின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

றோஸ்மேரி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் பாரமானதா வாங்குங்கோ எண்டு அண்டைக்கே தலைதலையா அடிச்சனான், பிள்ளை. இந்த மனுசன் கேட்டால்தானே!”