பன்னிரண்டு எண்ணுவதற்குள்

ஒண்ணு, ரெண்டு, மூணு...

அவள் மனசுக்குள் எண்ணினாள். கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் வந்தது. ஏதோ எழுத்து ஓடியது. பதினொண்ணு, பன்னிரண்டு... டக்கென்று அணைந்துபோனது.

"பாத்தீங்களாம்மா, பன்னிரண்டு எண்ணுறதுக்குள்ள படுத்திருச்சு," என்றார் மெக்கானிக்.

"குழந்தை ஒண்ணும் பண்ணலைண்ணா."

"நான் குழந்தையைப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதவோரம் நின்ற நாலு வயது மகளை ஒரு முறை முறைத்தாள். குழந்தை கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டது.

நேற்று சாயங்காலம் இந்த அறையிலிருந்துதான் அது கிரேயான் டப்பாவோடு ஓடி வந்தது. அப்போதே தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி வைத்திருந்தாள். "அந்த ரூம் பக்கம் இனிமே பாத்தேன், தோலை உரிச்சிருவேன்."

இது அவள் 'அக்கா' என்று கூப்பிடும் ஓரகத்தியின் வீடு. கணவனுக்கு வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே ஒரு வீடு அமையும்வரை தாயும் மகளும் இங்கேதான் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓரகத்தி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். சிரிப்பை அளந்து செலவழிக்கிற முகம். போன மாதம் குழந்தை அவளுடைய மூக்குக் கண்ணாடியை மிதித்து உடைத்தது. பதறிப்போய் இவள் அதன் முதுகில் நாலு வைத்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற ஓரகத்தி சொன்னது இவ்வளவுதான்: "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

சும்மா இருக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? பெட்டியைக் கட்டு என்றுதானே. கட்டிக்கொண்டு எங்கே போவது?

நாளைக்குக் கொடுக்க வேண்டிய வரைபடம் முழுக்க இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. காலையில் அது எழும்பவில்லை என்றதும் ஓரகத்தி கத்தியிருந்தால்கூடத் தேவலாம். கத்தவில்லை. செருப்பை மாட்டும்போது குழந்தை ஓடிப்போய் அவள் காதில் ஏதோ குசுகுசுத்தது. ஓரகத்தி நிமிர்ந்து இவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"மெக்கானிக் வருவார். கதவைத் திறந்து விடு, போதும். மத்ததை சாயங்காலம் பேசிக்கலாம்."

அந்த 'மத்தது' என்னவென்றுதான் காலையிலிருந்து இவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க போய் உங்க வேலையைப் பாருங்கம்மா. நான் பாத்துக்கறேன்," என்றார் மெக்கானிக். இதோடு மூன்றாவது தடவை சொல்கிறார்.

"பரவால்லைண்ணா. நிக்கிறேன்."

அவர் கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். "ஒண்ணும் பயப்படாதீங்க. உள்ள ஒரு சின்ன ஃபேன் இருக்கு. அது சுத்தலைன்னா சூடு ஏறும். சூடு வெளியே போக வழியில்லைன்னா மெஷின் தானா அணைஞ்சிரும், கருகிப் போறதுக்கு முன்னாடி."

"ஃபேன் ஏன்ணா சுத்தாது?"

அவர் மூடியைத் திறக்கப் போனவர் நிறுத்தினார். "தாகமா இருக்கும்மா. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தண்ணீரோடு திரும்பினாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

மெக்கானிக் இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஊதா நிறக் கிரேயான். பாதி உருகி, வளைந்து போயிருந்தது. சட்டைப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டு அவசரமாக மூடியை மாட்டினார்.

பொத்தானை அழுத்தினார். அவள் எண்ணினாள். பன்னிரண்டு தாண்டியது. இருபது. நாற்பது. திரையில் ஓரகத்தியின் வரைபடம் கோடு கோடாக விரிந்தது.

"என்னண்ணா கோளாறு?"

"தூசிம்மா. ரெண்டு வருஷத்துத் தூசி."

பை ஓரத்தில் ஊதாக் கறை தெரிந்தது. சாட்சிக்கு எடுத்து வைத்திருக்கிறார். அக்கா வந்ததும் கையில் கொடுக்கப் போகிறார். அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் பக்கம் போனாள்.

"அண்ணா, நான் பாத்துட்டேன். அதை அக்காகிட்ட மட்டும் காட்டிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்களுக்குப் போக்கிடம் இல்லை."

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அடடா, பாத்துட்டீங்களா? உங்க கண்ணுல படாம எடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே."

"யாரு?"

"உங்க அக்காதாம்மா. காலையில ஃபோன் பண்ணினாங்க. பெட்டியோட ஓட்டை வழியா கலர் குச்சி உள்ள விழுந்திருக்கு, எடுத்துட்டு தூசின்னு சொல்லிருங்கன்னு."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாப்பாவே காதுல சொல்லிருச்சாம்."

பெரியம்மாவிடம் சொன்ன குழந்தை பெற்றவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்கிட்ட எதுக்குண்ணா மறைக்கச் சொன்னாங்க?"

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் கருவிகளைப் பையில் அடுக்கினார்.

"'அவளுக்கு என்கிட்ட பயம். அந்தப் பயமெல்லாம் கடைசியில குழந்தை முதுகுலதான் போய் இறங்குது'ன்னாங்க."

அவள் திரும்பி மகளிடம் கையை நீட்டினாள்.

குழந்தை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டது.

அவள் அணைத்துக்கொள்ளத்தான் கையை நீட்டினாள்.