கீழ்த்தாடை காட்டிக்கொடுக்கும்

ஜனகன் நான் சொன்னபடி நாடியை எக்ஸ்ரே மெஷினில் வைத்து அசையாமல் நின்றார். மெஷின் அவருடைய தலையை ஒருமுறை சுற்றி வந்தது.

வெளியே கதிரையில் இருந்த அவருடைய தாய் கமலாசனி, பக்கத்திலிருந்தவர்களுக்கு மகனைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திநாலு வயது. பிரான்சில் வேலை. ஒரு கெட்ட பழக்கமும் இல்லை.

அங்கே பல் கட்டுகிற காசில் வவுனியாவுக்கு வந்து பல்லும் கட்டி, கலியாணமும் கட்டிக்கொண்டு போகலாம். கெட்டிக்காரக் குடும்பம்.

படம் கணினியில் வந்தது.

மேல்தாடை கொஞ்சம் இரக்கமுள்ளது. மூக்கெலும்பு, கன்னத்தெலும்பு எல்லாம் மேலே விழுந்து பாதியை மறைத்துவிடும். கீழ்த்தாடைக்கு அந்த நாகரிகம் தெரியாது. பல் வேர், நரம்பு ஓடும் வாய்க்கால், அது வெளியே வரும் துவாரம், எலும்பின் கரை என்று எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடும்.

ஜனகனின் எலும்பு பாதிக்குத் தேய்ந்திருந்தது. செயற்கைப் பல்லுக்கு ஆணி இறக்கினால் நேரே நரம்பில் போய் நிற்கும் என்றார் டொக்டர். எத்தனை வருடமாகச் சிகரெட் என்றும் கேட்டார்.

ஜனகன் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, இருபது என்றார்.

தாய் சொன்ன வயதை நம்பினால் பதினாலு வயதிலேயே பற்றவைத்திருக்கிறார். உழைப்பாளிதான்.

அவரை டொக்டர் பல் துப்புரவாக்கக் கூட்டிப்போனதும் கமலாசனி என்னிடம் வந்தார்.

“பிள்ளை, நாளைக்கு நெளுக்குளத்திலை ஒரு பொம்பிளை பாக்கப் போறம். பாங்கிலை வேலையாம். சரிவந்தா இஞ்சை கூட்டிக்கொண்டு வாறன். அவளின்ரை தாடையையும் ஒருக்கா எடுத்து, உள்ளுக்கை என்ன பழுதெண்டு எனக்கு மட்டும் சொல்லும். இந்தக் காலத்துப் பெட்டையளை நம்பேலாது.”

கைபேசியில் பெண்ணின் படத்தையும் காட்டினார். ஸ்டூடியோக்காரர் வெளுத்த வெளுப்பில் பெற்ற தாய்க்கே அடையாளம் பிடிபடாது. பாங்க் வேலை கலியாணப் புரோக்கர் போட்டுக்கொடுத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மகனின் தாடை இன்னும் என் திரையில்தான் இருந்தது. ஆயுள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்தப் போகிறவளிடம் பழுது தேடுகிறார்.

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன்.

“கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை அம்மா. நாளைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தாறது நான்தான். அப்ப கேளுங்கோ, ரெண்டு பேற்றை பழுதையும் சொல்லுறன்.”